தாத்தா சொன்ன எல்லை

சென்ற இதழில் உங்களை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 1992 நில உரிமைத் தீர்ப்பின் வாசலில் நிறுத்தியிருந்தேன். அதற்குள் போகுமுன் எடி மாபோவைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

டாரஸ் நீரிணையில் மெர் தீவுக்காரர். டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத் தோட்டக்காரர். ஒருநாள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரு வரலாற்றாசிரியர்களிடம் ஊரிலுள்ள தன் நிலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். சட்டப்படி அது முடியரசின் நிலம் என்று அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது ஆடிப்போய்விட்டார். நம் மொழியில் சொன்னால், பாட்டன் பூட்டன் பயிர் செய்த மண் அத்தனையும் புறம்போக்கு!

1982 மே மாதம் மாபோ உட்பட மெர் தீவுக்காரர்கள் ஐந்து பேர் தங்கள் நில உரிமைக்காக வழக்குத் தொடுத்தார்கள். குயின்ஸ்லாந்து அரசு செய்ததை அயோக்கியத்தனம் என்றுதான் சொல்வேன். வழக்கு நடக்கும்போதே, தீவுக்காரர்களின் உரிமை 1879-லேயே ஒழிந்துவிட்டது என்று 1985-இல் ஒரு சட்டம் போட்டது. 1988-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது, நான்குக்கு மூன்று என்ற கணக்கில். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது சாட்சி விசாரணைதான். மெர் மக்களிடம் பத்திரம் கிடையாது. எந்தக் கல், எந்த மரம் யாருடைய தோட்டத்துக்கு எல்லை என்பதைத் தாத்தா பேரனுக்குக் காட்டிக்கொடுப்பார். அடுத்தவர் நிலத்தில் காலையும் அடுத்தவர் விளைச்சலில் கையையும் வைக்காதே என்பது அவர்கள் தெய்வம் மாலோவின் சட்டம். மாபோ கூண்டில் ஏறி “தாத்தா சொன்னார்” என்று தொடங்கும்போதெல்லாம், அது செவிவழிச் செய்தி, சாட்சியமாகாது என்று அரசு வழக்கறிஞர்கள் மறித்தார்கள். எழுதி வைக்காத சமூகம் வேறு எந்தச் சாட்சியைக் கொண்டுவரும்?

இந்தச் சாட்சியங்களைக் கேட்ட நீதிபதி மொய்னிஹன் 1989-இல் மெர் தீவுக்கே போய் விசாரித்தார். ஆனால் 1990-இல் அவர் தந்த அறிக்கை மாபோவின் தனிப்பட்ட நில உரிமைகளை ஏற்கவில்லை. மாபோவை நம்பத்தகுந்த சாட்சியாகவும் கருதவில்லை. அதற்குப் பின்னும் மாபோ வழக்கைக் கைவிடவில்லை.

இதழின் பக்கம் முடிந்துவிட்டது. 1992 ஜனவரி 21 அன்று மாபோ புற்றுநோயில் இறந்தார், வயது 55. தீர்ப்பு ஜூன் 3 அன்று வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மெர் மக்கள் பக்கம். டாசன் மட்டும் எதிர். நீதிபதி பிரென்னன் எழுதியதை அடுத்த வாரம் பார்ப்போம்.