இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? ட்ரெய்லர் பிரேக் பற்றிச் சில குறிப்புகள்

முன்னால் போகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வருகிற வண்டியை எப்படி நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு ரயில்காரர்கள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ட்ரெய்லர் கட்டி இழுத்தவர்கள் அதற்கு நேர் எதிரான பதிலுக்குப் போனார்கள். மின்சார ட்ரெய்லர் பிரேக்கில் பழுது தேடுவது ஏன் இவ்வளவு தலைவலி பிடித்த வேலை என்பதற்கு விடை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ரயில். 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த முதல் ஏர் பிரேக்கில், இன்ஜினிலிருந்து காற்றை அனுப்பினால் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்துபோனால்? பிடிக்காது, அவ்வளவுதான். 1872-ல் அவரே இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் தானே பிடிக்கும். நம்மூர் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இதே கணக்குதான். சங்கிலி பிரேக் குழாயில் ஒரு வழி திறந்துவிடுகிறது, மற்றதை பிரேக்கே பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவு நல்ல யோசனையை எல்லாரும் உடனே எடுத்துக்கிட்டாங்களான்னா, இல்லை. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில், 1889 ஜூன் 12 அன்று ஆர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு உல்லாசப் பயண ரயில் கிளம்பியது. மொத்தம் 15 பெட்டிகள். அதில் இருந்தது சாதா வேக்குவம் பிரேக்: இன்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் பிடிக்கும், இணைப்பைக் கழற்றினால் விட்டுவிடும். மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் திணறி நின்றது. சில பெட்டிகளை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று ரயிலைப் பிரித்தார்கள். பின்னால் விடப்பட்ட 10 பெட்டிகளைப் பிடித்து வைத்திருந்தது கார்டு வேனின் கைபிரேக்கும், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த சில கற்களும்தான். முன்பகுதி கிளம்பும்போது லேசாகப் பின்வாங்கித் தட்டியது. கற்கள் நொறுங்கின, பெட்டிகள் சரிவில் உருண்டன. கதவுகள் பூட்டியிருந்தன. பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் போய் மோதியதில் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

அதே ஆண்டு பிரிட்டனில் சட்டம் வந்தது. பயணி ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் பிரேக் இருக்கணும், இணைப்பு போனால் அது தானே பிடிக்கணும்.

இப்போது அமெரிக்கா. ஏ. பி. வார்னர் கார்களுக்கு வேகமானி செய்து பேர் வாங்கியவர். வேகத்தைக் காட்டுகிற கருவியில் ஆரம்பித்தவர் பிறகு வண்டியை நிறுத்துகிற கருவிக்கு வந்தார்! விஸ்கான்சினின் பெலாய்ட் ஊரில் 1927-ல் அவர் தொடங்கிய கம்பெனி மின்சார பிரேக் செய்தது. ட்ரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். மின்சாரம் வந்தால் அது சுழலும் டிரம்மில் ஒட்டப் பார்க்கும், டிரம் அதை இழுத்துப்போகும், அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் திரும்பி பிரேக் ஷூவைத் தள்ளும். அழகான வேலை. ஒரு வயரும் ஒரு எர்த்தும் போதும்.

ஆனால் கவனிங்க, இது 1869-ன் பிரேக். மின்சாரம் போனால்தான் பிடிக்கும் என்று இதைத் திருப்பி அமைத்திருந்தால், ஓடுகிற நேரம் முழுக்கக் காரின் பேட்டரியைத் தின்றிருக்கும். அதனால் திருப்பவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கான விலை: வயர் அறுந்தாலும், எர்த் துருப்பிடித்தாலும் இந்த பிரேக் வாயே திறக்காது. ரயிலில் பழுது வந்தால் ரயில் நின்று கத்தும். இங்கே இறக்கத்தில் மிதிக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே நாமாகப் போய் தேடணும். கன்ட்ரோலரில் ஒரு கைநெம்பு இருக்கும், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க. அதைத் தள்ளினால் பிடிக்கிறது, காலால் மிதித்தால் பிடிக்கவில்லை என்றால், பிரேக் லைட் ஸ்விட்சிலிருந்து வரும் சிக்னல் வயரைப் பாருங்கள். இரண்டிலும் பிடிக்கவில்லை என்றால் பியூஸ், பிளக், எர்த் என்று பின்னோக்கிப் போகவேண்டியதுதான்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது வோல்ட் மீட்டரிடம். பிளக்கைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் காட்டும், சந்தோஷமாக இருக்கும். ஒரே ஒரு இழை மிச்சமுள்ள வயரும் அதே 12 வோல்ட்டைக் காட்டும். பாரம் ஏறினால்தான் அதன் சாயம் வெளுக்கும். எனவே அளக்க வேண்டியது ஆம்பியரை. 10, 12 அங்குல டிரம்மில் ஒரு காந்தம் முழு பிரேக்கில் சுமார் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். நாலு சக்கரத்துக்கு 12-க்குக் குறையாமல் வரணும். அதில் பாதிதான் வருகிறதென்றால் ஒரு பக்கமே செத்திருக்கலாம். அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயர் உரசி அறுவது சகஜம். கணக்குக்கு மேல் வந்தால் எங்கோ ஷார்ட். ஆம்பியர் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா, டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங்கில் கிரீஸ் ஏறியிருக்கும், அல்லது காந்தம் தேய்ந்திருக்கும்.

ஆர்மாவின் கேள்வி இங்கேயும் ஒரு மூலையில் இருக்கிறது. ட்ரெய்லரில் ஒரு சின்ன பேட்டரி, காரோடு கட்டிய கம்பியில் ஒரு முள். ட்ரெய்லர் கழன்று ஓடினால் முள் பிடுங்கிக்கொண்டு வரும், பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு விதி வணிக வண்டிகளுக்குச் சொல்கிறது. இதுவும் கேட்டால்தான் பேசும். பிளக்கைக் கழற்றிவிட்டு முள்ளைப் பிடுங்கி, ட்ரெய்லரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சக்கரம் முரண்டு பிடிக்கணும். பார்த்ததும் முள்ளைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனையிலேயே அந்த பேட்டரி காலி.