அச்சகம் யாருடையது? தலித் இதழ் வரலாறும் கல்லூரி வளாகத்தில் திறமூல வலைப்பதிப்பும்



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த மே மாதத்தில் அவர் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவருடைய பௌத்தத்தையும் மொழி ஆய்வையும் சித்த மருத்துவத்தையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பண்டிதரை இதழாசிரியராகவும் அச்சகம் நடத்தியவராகவும் பார்க்க விரும்புகிறோம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. புதன்தோறும் வந்த அந்த வார இதழ் அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914இல் அவர் மறையும்வரை அவர் கையில் நடந்தது. அந்த வேலையை இன்று ஒரு கல்லூரி மாணவர் செய்ய வேண்டுமென்றால் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதை அவருக்கு யார் கற்றுத்தருகிறார்கள்? இதுவே இந்த உரையின் கேள்வி.

அச்சு வந்தது, நம் கைக்கு எப்போது வந்தது?

தமிழில் முதல் அச்சு நூலான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிகள் அச்சகம் அமைத்தார்கள். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் வழிசெய்தது. அதற்குப் பிறகு ஏட்டுச்சுவடிகள் நூல்களாயின. புராணங்களும் தலபுராணங்களும் அச்சேறின. எது இலக்கியம், எது வரலாறு என்பதை அச்சகத்தின் உடைமையாளரும் புரவலரும் சேர்ந்து தீர்மானித்தார்கள்.

ஆனால் நம்மவர்கள் வெகுகாலம் காத்திருக்கவில்லை. 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்', 1888இல் 'மகாவிகடதூதன்' என்று இதழ்கள் வந்தன. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பில் பொறித்த அந்தத் துணிவைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். ஜெ. பாலசுப்பிரமணியத்தின் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூல் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தொகுத்துக் காட்டுகிறது. அந்த நூலைப் படிக்கும்போது பெருமையோடு ஒரு வலியும் சேர்ந்தே வருகிறது. அவ்விதழ்களில் பலவற்றுக்கு இன்று பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது; தாள் கிடைக்கவில்லை.

'தமிழன்' தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் சில மனிதர்கள். பண்டிதருக்குப் பிறகு கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926 முதல் அவ்விதழை மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்தார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் ஊரிலும் தனிமனிதர்களின் அலமாரியிலும் இருந்தவற்றை ஒரு கல்லூரி வளாகம் மறுபடியும் பொதுவில் வைத்தது. வளாகத்துக்கும் நம் பதிப்பு வரலாற்றுக்கும் உள்ள இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பாபாசாகேபின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' வெளிவந்தபோது, காசு கொடுத்தாலும் விளம்பரம் போட மாட்டோம் என்றது திலகரின் 'கேசரி'. 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரின் உரையை வாசித்துவிட்டு மாநாட்டையே ரத்துசெய்தது. அவர் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' நமக்குக் கிடைத்தது அப்படித்தான். மேடை மறுக்கப்பட்டபோது அச்சு அவர் கையில் இருந்தது.

வாடகை வீட்டில் எழுதுவது

இன்று மாணவர்களைப் பார்த்து 'உங்களுக்கு மேடை இருக்கிறதா?' என்று கேட்டால் கைபேசியை எடுத்துக் காட்டுவார்கள். முகநூலும் இன்ஸ்டாகிராமும் யூடியூப்பும் நம் குரலைப் பரப்பியிருக்கின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் அவை வாடகை வீடுகள். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2014இல் ஆர்குட், 2019இல் கூகுள் பிளஸ். அந்த இடங்களில் எழுதியவர்களில் சேமித்து வைக்காதவர்களின் எழுத்து அதோடு போனது. மூடாத வீட்டிலும் ஒரு கும்பல் சேர்ந்து புகார் கொடுத்தால் பதிவு நீக்கப்படலாம், கணக்கு முடக்கப்படலாம். முறையிடுவதற்கு நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இல்லை.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலாவை இழந்தோம். அவருடைய கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது. அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தது முகநூலில். அந்தப் பதிவுகள் பின்னர் தொகுக்கப்பட்டு ஆங்கிலத்தில் நூலாக வந்தன. ரோஹித்தின் எழுத்து பேசப்பட்டதால் தொகுக்கப்பட்டது. விடுதி அறையில் எழுதிக்கொண்டிருக்கும், யாரும் தொகுக்காத நூற்றுக்கணக்கான மாணவர்களின் எழுத்து என்னவாகிறது? 2015 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ஒரு மொட்டைக் கடிதத்தைத் தொடர்ந்து பறிக்கப்பட்டது. போராட்டத்துக்குப் பின் ஜூனில் திரும்பக் கிடைத்தது. நிர்வாகம் ஒரே ஆணையில் நிறுத்திவிடக்கூடிய அமைப்புகளாகவே வளாகத்தில் நம் மாணவர்கள் இயங்குகிறார்கள். அவர்களின் துண்டறிக்கையும் கூட்ட அறிக்கையும் சாட்சியமும் அவர்களுக்குச் சொந்தமான இடத்தில் இருக்க வேண்டியது அதனால்தான்.

திறமூலம் என்பது என்ன?

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்க, படித்துப் பார்க்க, மாற்ற, பிறருக்குப் பகிர உரிமை வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த உரிமைகளைச் சட்டமொழியில் எழுதியதே ஜி.பி.எல். உரிமம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வு நிறுவனம் வைய விரிவு வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. இந்த இரண்டும் இல்லாமல் இன்றைய வலைப்பதிப்பு இல்லை.

வேர்ட்பிரஸ் இந்த வழியில் வந்தது. பி2 என்ற சிறிய பதிப்பு மென்பொருளை உருவாக்கியவர் அதைத் தொடர முடியாமல் ஒதுங்கிவிட்டார். அது ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் அமெரிக்காவின் மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. இன்று உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில் இயங்குகின்றன. ஆசிரியர் விலகினாலும் வேலை சாகாது என்பதே இதில் நமக்கான பாடம். பண்டிதர் மறைந்த பின் தங்கவயல் தோழர்கள் செய்ததை இங்கே உரிமமே உறுதிசெய்கிறது.

இதில் எழுதும் கட்டுரை ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளலாம். சர்வர் தரும் நிறுவனம் பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். ஆனால் சர்வருக்கும் டொமைன் பெயருக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 'கட்டற்ற' என்ற சொல் உரிமையைக் குறிக்கிறது; செலவே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வளாகங்களுக்குள் வந்த வழி

திறமூலம் இந்தியக் கல்லூரிகளுக்குள் இப்போதுதான் நுழைகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. கோழிக்கோடு பொறியியல் கல்லூரி வளாகத்தில் 2000களின் தொடக்கத்தில் முளைத்த 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' மலையாள எழுத்துருக்களையும் கருவிகளையும் உருவாக்கியது. கேரள அரசு 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தமிழகத்தில் 2005இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. பாஸ் லினக்ஸ் அந்த முயற்சியில் பிறந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திறமூல மென்பொருட்களைத் தமிழிலும் கற்பிக்கிறது. 2012 முதல் 'கணியம்' இதழ் இதையெல்லாம் எளிய தமிழில் எழுதிவருகிறது.

வேர்ட்பிரஸுக்கென்றே நடக்கும் வளாகத் திட்டம் அண்மையது. 2024 அக்டோபரில் ராஜஸ்தானின் அஜ்மீரில் தன்னார்வலர்கள் கல்லூரிகளுக்குச் சென்று மாணவர்களுக்கு நேரடிப் பயிற்சி தந்தார்கள். 'கேம்பஸ் கனெக்ட்' என்ற பெயரில் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. 2025இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தோடு இணைந்து, மாணவர் செய்யும் திறமூலப் பங்களிப்பைப் படிப்பின் பகுதியாகவே கணக்கில் கொள்ளும் திட்டம் வந்தது. பெருநகர ஐ.டி. வளாகத்தில் தொடங்காமல் அஜ்மீர் போன்ற ஊரில் தொடங்கியதை நாம் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரசு கலைக் கல்லூரிகளிலும் இது சாத்தியம்.

நம் கேள்விகள்

இத்தகைய திட்டங்களை நாம் வரவேற்கிறோம். அதே நேரத்தில் மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, உழைப்பு. திறமூலம் தன்னார்வ உழைப்பில் நடக்கிறது. மாலையில் ஜவுளிக் கடைக்கோ ஓட்டலுக்கோ வேலைக்குப் போகும் முதல் தலைமுறை மாணவருக்குத் தன்னார்வலராக இருக்க நேரம் ஏது? சாதியச் சமூகத்தில் ஓய்வுநேரமும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பங்களிப்பவர்களை மட்டும் மதிக்கும் சமூகம், பங்களிக்க நேரமில்லாதவர்களைத் தகுதியற்றவர் என்று எண்ணத் தொடங்கும். 'மெரிட்' என்ற பழைய சொல் புதிய சட்டை போட்டு வருவதற்கு இது வழி. ஆகவே உதவித்தொகையோ படிப்பு மதிப்பெண்ணோ சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டாவது, அதிகாரம். 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. என்ஜின் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்நிறுவனம் வேர்ட்பிரஸின் பொதுக் கிடங்கிலிருந்து துண்டிக்கப்பட்டது. அதன் வாடிக்கையாளர்கள் புதுப்பித்தல்களைப் பெற முடியாமல் தவித்தார்கள். நிரலின் உரிமம் எல்லோருக்கும் பொது. கிடங்கின் சாவி ஒருவர் கையில். இந்த வேறுபாட்டை மாணவர்கள் முதல் வகுப்பிலேயே அறிய வேண்டும். கோயிலுக்கு நிலமும் உழைப்பும் தந்துவிட்டு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும்.

மூன்றாவது, மொழி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான நம் சிறுபத்திரிகைக் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பல அச்சகங்களில் பழைய முறையே தொடர்கிறது. அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால், 'சூரியோதயம்' தாளோடு போனதுபோல 1990களின் தலித் எழுத்தெழுச்சியின் துணுக்குகள் பழைய கணினிகளோடு போய்விடும்.

செய்ய வேண்டியவை

எங்கள் குழு சில கல்லூரிகளில் இரண்டு நாள் பட்டறையாக இதை நடத்திவருகிறது. முதல் நாள் தமிழ்99 விசைப்பலகையும் யூனிகோடும். பிறகு இணையம் இல்லாமலேயே சொந்த மடிக்கணினியில் வேர்ட்பிரஸை நிறுவுதல். இரண்டாம் நாள் ஒரு பழைய துண்டறிக்கையை ஒளிவருடி, தட்டச்சு செய்து, தேதி, இடம், வெளியிட்டவர் விவரங்களோடு பதிப்பித்தல். கடைசி இரண்டு மணி நேரம் உரிமம், காப்புப் பிரதி, பாதுகாப்பு. வன்கொடுமைச் சாட்சியம் சொன்னவரின் பெயரை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்பதும், டொமைன் பதிவில் வீட்டு முகவரி வெளியே தெரியாமல் மறைக்க வேண்டும் என்பதும் பாடத்திட்டத்தின் பகுதி. எழுதும் பெண்களுக்கு வரும் மிரட்டல்களை எங்கே சேமிப்பது, யாரிடம் கொடுப்பது என்பதையும் பேசுகிறோம்.

இதன் பலனை வேலைவாய்ப்பில் மட்டும் அளக்க வேண்டாம். வலைத்தளம் கட்டத் தெரிந்த மாணவருக்கு வருமானம் கிடைக்கும்; அது தேவை. அதோடு, தன் ஊரின் நினைவுகளைத் தானே பதிப்பிக்கும் ஆற்றலும் அவருக்கு வந்துசேர வேண்டும்.

இந்த அரங்கின் வழியே மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இயங்கும் கணினியும் இணையமும் வேண்டும். கலை அறிவியல் பாடத்திட்டத்தில் திறமூலப் பதிப்பு மதிப்பெண்ணுள்ள தாளாக வேண்டும். தமிழ், வரலாறு, சமூகவியல் மாணவர்களுக்கு அது முதலில் வேண்டும். தலித் இதழ்களை ஒளிவருடி, தேடக்கூடிய எழுத்தாக, யாரும் படியெடுக்கும் உரிமத்தில் வெளியிட, பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு ஊதியம் தந்து திட்டம் தொடங்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இங்கு வந்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த விடுமுறையில் வீட்டுப் பரணிலும் ஊர்ப் பெரியவர்களின் பெட்டியிலும் தேடுங்கள். மன்றத்தின் பழைய அறிக்கை, கையெழுத்து இதழ், நினைவு மலர், எதுவாயினும் கொண்டுவாருங்கள். அடுத்த பட்டறை அதிலிருந்து தொடங்கும்.

ஜெய்பீம்.