வளைகுடாவில் ஒரு குளிர்மலைக் காடு: மேலே ஏற இடமில்லை

பர் துபாயில் கோடை வெப்பம் 40 செல்சியஸைத் தாண்டும் நாட்களில், சில மணி நேரச் சாலைப் பயணத் தொலைவில் உள்ள ஓமானின் ஜபல் அக்தர் மலையில் மாலைக் காற்று குளிர்ந்து வீசுகின்றது. ஹஜர் மலைத்தொடரைச் சேர்ந்த இம்மலையின் பெயருக்குப் 'பச்சை மலை' என்று பொருள். இத்தொடரின் உச்சியான ஜபல் ஷம்ஸ் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரமானது. குளிர்காலத்தில் அங்கு நீர் உறைவதுண்டு. சில ஆண்டுகளில் பனியும் பொழிகின்றது.

பனியுகத்தின் எச்சம்

இம்மலையின் மேற்பகுதிகளில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரக்காடு உள்ளது. ஈரான், பலுசிஸ்தான், மத்திய ஆசியா ஆகிய இடங்களின் குளிர்மலைகளில் வளரும் இம்மரம், காலநிலை குளிர்ந்திருந்த பண்டைக் காலத்தின் எச்சமாகவே இங்கு தங்கியிருப்பதாகக் கருதப்படுகின்றது. இத்தகைய எச்சங்கள் வேறு நாடுகளிலும் உள்ளன. அமெரிக்காவின் ஷாவாங்கங்க் மலையில், பாறைப் பிளவுகளில் உறையும் பனி கோடையிலும் நீடிப்பதால், வடபுலத் தாவரங்கள் அங்கு பிழைத்திருக்கின்றன. அங்கு பனிக்குகைகள் செய்வதை இங்கு உயரம் செய்கின்றது.

வரையாட்டின் உறவு

ஹஜர் மலைகளுக்கே உரிய அரேபியத் தார் என்ற காட்டாடு, ஓமானிலும் ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றது. 1894இல் விவரிக்கப்பட்ட இவ்விலங்கின் அறிவியற் பெயர், மஸ்கட்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆத்மாராம் ஜயகரை நினைவுகூர்கின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடும் இதுவும் நெடுங்காலம் ஒரே பேரினமாகக் கருதப்பட்டன. 2005இல் வெளியான மரபணு ஆய்வே இவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தது.

எல்லை எங்கே?

தாழ்வான சரிவுகளில் ஜூனிப்பர் மரங்கள் பட்டுப்போவதையும், இளங்கன்றுகள் அரிதாக இருப்பதையும் 1990களின் ஆய்வுகளே பதிவு செய்துள்ளன. மழைக்குறைவும் கால்நடை மேய்ச்சலும் இக்காட்டை நெருக்குகின்றன. வெப்பம் உயரும்போது தாவரங்கள் மேல்நோக்கி நகரக்கூடும். ஆனால் உச்சியை அடைந்த காட்டிற்கு அதற்கு மேல் இடமில்லை. நீலகிரியின் சோலைக்காடுகளும் இதே நிலையை எதிர்நோக்குகின்றன.

2011இல் ஓமான் அரசு ஜபல் அக்தரைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவித்தது. இம்மலையின் மழைநீரே அடிவாரத்தின் 'ஃபலஜ்' நீர்க்கால்வாய்களுக்கு ஊட்டமளிக்கின்றது. அவற்றுள் நிஸ்வாவின் தாரிஸ் கால்வாய் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மேய்ச்சலையும் கட்டுமானத்தையும் ஓர் அறிவிப்பால் கட்டுப்படுத்தலாம். ஆனால் காற்றின் வெப்பத்திற்கு வேலியிட எந்த ஓர் அரசாலும் தனித்து இயலாது. எண்ணெய் வளத்தால் செழித்த ஒரு பிராந்தியத்தின் நடுவில் நிற்கும் இக்காட்டின் எதிர்காலம், அந்த எரிபொருளை உலகம் எவ்வளவு விரைவாகக் குறைக்கும் என்பதையும் பொறுத்துள்ளது.