கணக்கு வாத்தியாரும் அத்தாட்சிப் பத்திரமும்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்பித்த வாத்தியாரைச் சர்க்கார் பரீட்சித்து நியமித்ததில்லை. பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மகன் பிரம்பை எடுத்துக்கொண்டான், அவ்வளவே. இன்ன பரீட்சையில் தேறியவன் எக்குலத்தவனாயினும் உபாத்தியாயனாகலாம் என்னும் விதி வந்த பிற்பாடுதான், கல்வி ஒரு சிலரின் பிதிரார்ஜிதச் சொத்து என்ற நிலைமை அசையத் தொடங்கிற்று. ஆகவே அத்தாட்சிப் பத்திரத்தை வெறுங் காகிதமென்று இகழ்வோருடன் நாம் சேர்வதற்கில்லை. ஆயினும் அக்காகிதம் வைத்திருந்த பெட்டியின் திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதை விசாரித்தே தீரவேண்டும். பினாங்கின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

1816-இல் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ப்ரீ ஸ்கூலை நிறுவினார். ‘ப்ரீ’ என்றால் சம்பளமில்லாத பள்ளி எனப் பலர் எண்ணுகின்றனர். இனமும் மதமும் பாராது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது என்பதே அதன் கருத்து. 1852-இல் கத்தோலிக்க சகோதரர்களின் செயின்ட் சேவியர் பள்ளியும், கன்னிமாடத்தாரின் லைட் தெருப் பெண்பள்ளியும் தோன்றின. இத்தகைய ஆங்கிலப் பள்ளிகளின் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு அமர்ந்தனர். அவர்கள் போட்ட கணக்குகள் கப்பலேறிச் சீமைக்குப் போய்த் திருத்தப்பட்டன!

சீனியர் கேம்பிரிட்ஜில் தேறிய வாலிபனுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திறந்திருந்த வழி ‘நார்மல்’ வகுப்பு. பள்ளி நாட்களில் பாடம் நடத்துவதும், ஒழிந்த வேளைகளில் தான் மாணாக்கனாய் உட்காருவதுமாக மூன்றாண்டுகள் கழித்தால் பயிற்சி பெற்ற உபாத்தியாயர் என்ற பெயர் கிடைக்கும். அதற்கு மேலே போகவேண்டுமாயின் சிங்கப்பூர் சென்று, 1928-இல் மாணாக்கரைச் சேர்க்கத் தொடங்கிய ராபிள்ஸ் கல்லூரியில் டிப்ளோமா பெறவேண்டும். அங்கே 1931 முதல் கணிதப் பேராசிரியராயிருந்தவர் அலெக்சாந்தர் ஒப்பன்ஹைம். எண் கோட்பாட்டில் அவர் பெயரால் வழங்கும் ஊகம் உலகறிந்தது. பினாங்குப் பையனொருவன் அத்தகையவரிடம் பாடங் கேட்கும் வாய்ப்பு சிறிதல்ல.

ஆனால் எந்தப் பையன்? ஆங்கிலப் பள்ளிக்குச் சம்பளங் கட்ட இயன்ற வீட்டுப் பையன். எதிர்க்கரையில், வெல்லஸ்லி மாகாணத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் மகனுக்குக் கிடைத்த பள்ளி வேறு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-இன் தொழிற் சட்டம் சொல்லிற்று. துரைமார் கொட்டகை ஒன்றைக் காட்டினர். கங்காணியோ கிராணியோ பல இடங்களில் வாத்தியாரானார். அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஏணி கிடையாது. எத்தனை கணித மூளைகள் ரப்பர்ப் பால் வாளியோடு போயின என்று கணக்கிட எந்தச் சூத்திரமும் இல்லை.

பரீட்சையின் அளவுகோலும் குற்றமற்றதன்று. எப்.ஏ. பரீட்சையில் தேறாத சீனிவாச ராமானுஜன், சென்னையில் எல்.டி. பட்டம் பெற்று உயர்தரப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகும் யோக்கியதை இல்லாதவர்! விதி வேண்டும் என்போர் இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

யுத்தத்திற்குப் பின் வாயில் அகன்றது. 1949-இல் ராபிள்ஸ் கல்லூரியும் வைத்தியக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. ஆசிரியப் பஞ்சத்தைத் தீர்க்க இங்கிலாந்தில் லிவர்பூலை அடுத்த கிர்க்பியில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி 1962 வரை நடந்தது. 1957-இல் பினாங்கின் குளுகோரிலேயே ஆசிரியர் கல்லூரி எழுந்தது. 1969-இல் தோன்றிய பினாங்குப் பல்கலைக்கழகம் முதலில் இடமின்றி அக்கல்லூரிக் கட்டடங்களில் ஒண்டியிருந்து, 1971-இல் பழைய பட்டாளக் கொட்டடியாகிய மிண்டனுக்குக் குடிபோயிற்று. பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்று, கணிதத்தையும் கற்பிக்கும் கலையையும் ஒரே பட்டத்துள் சேர்த்துத் தருகிறது.

இன்று வழி இரண்டு. அவ்வாறு இரண்டையும் ஒருங்கே படிக்கலாம். அன்றிக் கணிதப் பட்டம் பெற்றபின் கல்வியியல் டிப்ளோமா படிக்கலாம். எவ்வழி வந்தாலும் அரசாங்கப் பள்ளி வேலைக்கு, 1974-இல் அமைந்த கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்தைக் கடக்கவேண்டும். மலாய் மொழியில் நல்ல தேர்ச்சியும் வேண்டும்.

இங்கேதான் பழைய திறவுகோல் வேறு உருவில் நிற்கிறது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் உள; தமிழில் இடைநிலைப் பள்ளி ஒன்றுமில்லை. ஆறாண்டு தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, மலாயில் தேர்ச்சி போதாதெனில் ஓராண்டு புகுமுக வகுப்பில் தங்குகிறது. நடுவே 2003-இல் கணிதத்தை ஆங்கிலத்திற்கு மாற்றி, 2012 முதல் படிப்படியாகத் திருப்பிக்கொண்டது சர்க்கார். அவ்விடைக்காலத்துப் பிள்ளைகள் பட்ட பாடு தனிக் கதை. பின்னம் என்று கற்றதைப் பிள்ளை இடைநிலையில் ‘பெச்சாஹான்’ என்று மறுபடி கற்கிறது. அவ்வகுப்பில் இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தெரிந்த ஒரு கணித ஆசிரியர் நின்றால், பிள்ளைக்கு அந்த ஓராண்டு வீணாவதில்லை. அத்தகையவர் தமிழ்ப் பள்ளியிலிருந்தே ஏறிவந்தவராக இருத்தல் வேண்டும். அவர் ஏறிவர வேண்டிய படியோ அந்தப் புகுமுக வகுப்பே.