பெட்டிக்கு இரண்டு பூட்டு

1898-இல் லண்டனில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. சிசிக் பகுதியில் வசித்த கர்னல் ராபர்ட் ஷிப்வேக்குத் தன் மூதாதையர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. வம்சாவளி நிபுணர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஹெர்பர்ட் டேவிஸ் அந்த வேலையை ஏற்றார். கணிசமான பணம் கைமாறியது. பிரிஸ்டலுக்கு அருகே மாங்கட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில்தான் ஷிப்வே குலத்தின் வேர் இருக்கிறது என்று அவர் ஆதாரங்களோடு காட்டினார். வேர் அங்கே முளைத்ததல்ல, டேவிஸ் நட்டது. பழைய ஆவணங்களில் புதுப் பதிவுகளைச் செருகியிருந்தார். ஃபிலிமோர் என்ற ஆய்வாளர் அதை அம்பலப்படுத்தினார். டேவிஸ் சிறைக்குப் போனார். ஏமாந்த கர்னல் சும்மா இருக்கவில்லை. ஓவியர் ஹோகார்த் வாழ்ந்த சிசிக் வீடு இடிபடும் நிலையில் இருந்தபோது 1901-இல் அதை விலைக்கு வாங்கி, அருங்காட்சியகமாக்கினார். தன் பாட்டன் கிடைக்காவிட்டால் என்ன, ஊருக்கு ஒரு வீடு மிஞ்சியது.

கர்னலாவது தனி ஆள். டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் கிளை தாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய எட்வர்ட் கிப்பனே அதை நம்பினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொரேஸ் ரவுண்ட் என்ற வரலாற்றாசிரியர் மூல ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் 17-ஆம் நூற்றாண்டுப் போலிகள் என்று காட்டினார். கத்தி போன்ற பேனா அவருடையது.

இப்படிப்பட்ட மோசடிகள் அபூர்வம். உண்மையான ஆவணத்தை அப்படியே நம்புவதால் கெட்டுப்போகும் கொடிவழிகளே அதிகம். பிரிட்டனில் எந்தப் பதிவேடும் பேரப்பிள்ளைகள் தேடி வருவார்கள் என்று நினைத்து எழுதப்பட்டதல்ல. எழுதியவருக்கு ஓர் அவசரம் இருந்தது, எழுதச் சொன்னவருக்கு ஒரு காரியம் இருந்தது. அந்தக் காரியம் தெரியாமல் பெயரையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் வேறொருவர் தாத்தா நம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

இந்தப் பதிவேடுகளின் கதை 1538-இல் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஏட்டில் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏட்டை வைக்க இரண்டு பூட்டுள்ள பெட்டி; ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றது சபை நிர்வாகிகளிடம். பதியத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம், அது தேவாலய மராமத்துக்கு. பிள்ளை பிறந்தால் வரி போடத்தான் இந்த ஏற்பாடு என்று மக்கள் முணுமுணுத்தார்கள்.

பல ஊர்களின் ஏடுகள் 1538-இல் அல்ல, 1558-இல்தான் தொடங்குகின்றன. காரணம் தீயுமல்ல, கரையானுமல்ல. காகித ஏடுகள் நைந்துபோவதைக் கண்டு, அவற்றைத் தோலில் படியெடுக்கும்படி 1598-இல் ஆணை வந்தது. முக்கியமாக முதலாம் எலிசபெத் பட்டமேறிய ஆண்டிலிருந்து எழுதுங்கள் என்று அதில் ஒரு வரி. படியெடுப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. முந்தைய 20 ஆண்டுகளைப் பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். அதனால் எலிசபெத் காலப் பக்கங்களில் 40 ஆண்டுகள் ஒரே கையெழுத்து ஓடினால், அது படி என்று புரிந்துகொள்ள வேண்டும். படியில் பிழை இருக்கும்.

மக்கள் பயந்தது போலவே பதிவுக்கு ஒரு வரி 245 ஆண்டுகள் கழித்து வந்தது. 1783 அக்டோபர் முதல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. வசூலிக்கும் பாதிரியாருக்குப் பத்தில் ஒரு பங்கு. விளைவு எப்படி இருக்கும்? வரிக்கு முந்தைய வாரங்களில் ஞானஸ்நானத்துக்குக் கூட்டம் அலைமோதியது. பிறகு இரக்கமுள்ள பாதிரியார்கள் ஓரளவு வசதியுள்ளவர்களையும் ஏழை என்று குறித்தார்கள். 1794-இல் வரி நீங்கியதும், தள்ளிப்போட்ட பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். ஒரே நாளில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் 3 பேர் ஞானஸ்நானம் பெற்றால் அவர்களை ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்று வம்ச மரத்தில் வரைபவர் அவசரக்காரர்.

தேதியும் பொல்லாதது. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. ஏட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகப் பல பாட்டிகள் மீது வீண்பழி விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே தேதியை மாற்றியவர்களும் உண்டு. லண்டன் ஃபிளீட் சிறையைச் சுற்றிய சந்துகளில் கேள்வி கேட்காமல் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார்களின் குறிப்பேடுகளில், காசு கொடுத்தால் கல்யாணத் தேதி முந்தைய நாளுக்கு நகரும். 1754-இல் ஹார்ட்விக் சட்டம் நடைமுறைக்கு வந்து அந்தக் கடைகளை மூடியது.

அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1-இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855-இல். பிறப்பைத் தெரிவிக்காத பெற்றோருக்கு அபராதம் 1875-இலிருந்துதான் வந்தது, அதுவரை பல குழந்தைகள் விட்டுப்போயின.

அடுத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம். 1841 ஜூன் 6 இரவு, 34 வயது விவசாயக் கூலி ஒருவர் வீட்டில் இருக்கிறார். 15-க்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி விதி; ஆகவே ஏட்டில் அவருக்கு 30. பிறந்த ஊர் இல்லை, இதே மாவட்டமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை மட்டும். அடுத்த வரியில் உள்ள பெண் மனைவியா தங்கையா என்றும் இல்லை. 1851-இல் சரியான வயது, உறவுமுறை, பிறந்த ஊர் எல்லாம் கேட்டார்கள்; இப்போது அவருக்கு 44. பத்தாண்டில் 14 வயது கூடிய இவரை இரண்டு ஆட்களாக்கி, பொருத்தமில்லாத இருவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பங்கிட்டுக் கொடுத்த மரங்கள் உண்டு. இன்னொன்று: 46 வயதுத் தாய்க்கு ஒரு வயதுக் கடைக்குட்டி, அதே வீட்டில் 19 வயது மணமாகாத மகள் என்றால், அந்தக் கடைக்குட்டி யாருடையது என்று பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பதே நல்லது.

1911-இல் வாக்குரிமை கேட்ட பெண்களில் பலர் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களில் ஒருவரான எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்து அலமாரியில் ஒளிந்து இரவைக் கழித்தார். அங்கே ஒருமுறை, அவர் குடியிருந்த வீட்டில் ஒருமுறை என்று பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிட்டது.

தொலைந்தவற்றின் பட்டியலும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் போனது. 1941-இல் போரால் கணக்கெடுப்பே இல்லை. 1922 ஜூன் 30-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் அயர்லாந்துக் குடும்பங்களின் பழைய தடங்கள் சாம்பலாயின.

இந்தப் பதிவேடுகளின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே, பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேல் அங்கே மணமுடித்தார். கம்பெனிப் படை அதிகாரி ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேதான், 1753 பிப்ரவரி 18-இல். புத்தாண்டுச் சட்டம் மாறியிருக்காவிட்டால் அதை 1752 என்று எழுதியிருப்பார்கள். இத்தகைய பதிவுகளின் படிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அனுப்பியவை படிகள் என்பதால், பெயரின் எழுத்தில் சந்தேகம் வரும்போது விவரம் தெரிந்தவர்கள் சென்னையிலுள்ள மூலத்தைப் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள்.