பிரவுசர் செத்தால் டிஸ்க் ஏன் கெட வேண்டும்?

விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஸ்கேன்டிஸ்க் திரை மறந்திருக்காது. பிரவுசர் உறையும், மவுசும் நின்றுவிடும், வேறு வழியில்லாமல் ரீசெட் பட்டனை அழுத்துவோம். மறுபடி ஆன் ஆகும்போது ஸ்கேன்டிஸ்க் வந்து உட்காரும். விண்டோஸை முறையாக மூடவில்லை, இனிமேல் ஷட் டவுன் கொடுத்து மூடுங்கள் என்று புத்தி வேற சொல்லும். ஷட் டவுன் கொடுக்க முடிஞ்சா நாங்க ஏன் ரீசெட் அழுத்தப் போறோம்?

ஒரு வலைப்பக்கத்தைத் திறந்ததற்கும், டிஸ்க்கில் எப்போதோ எழுதி வைத்த கடிதம் கெட்டுப்போனதற்கும் என்ன சம்பந்தம்? இடையில் மூன்று கண்ணிகள் இருக்கு.

முதலாவது மெமரி. விண்டோஸ் 95 ஒரு 32-பிட் சிஸ்டம்னு சொன்னாலும், உள்ளே 16-பிட் விண்டோஸின் பகுதிகள் உயிரோடுதான் இருந்தன. ஜன்னல், பட்டன், படம் வரைதல் இவற்றைக் கவனித்த யூசர், ஜிடிஐ பகுதிகள் பழைய 64 கேபி ஹீப்புகளை முழுதாகக் கைவிடவில்லை. எத்தனை புரோகிராம் ஓடினாலும் அதைத்தான் பங்கு போட வேண்டும். 128 எம்பி ரேம் இருந்தாலும் அந்த 64 கேபி தீர்ந்தால் கதை முடிந்தது. படமும் ஜன்னலுமாகத் திறக்கும் பிரவுசர் இதில் பெரிய தீனிக்காரன். போதாக்குறைக்கு, சிஸ்டம் பயன்படுத்திய மெமரியின் சில பகுதிகளில் சாதாரண புரோகிராமே எழுதிவிட முடியும். ஒருத்தன் விழுந்தா எல்லாரையும் இழுத்துக்கொண்டு விழுவான்.

இரண்டாவது, ரைட் கேஷ். வேகத்துக்காக, டிஸ்க்கில் எழுத வேண்டியதை விண்டோஸ் கொஞ்ச நேரம் மெமரியிலேயே வைத்திருக்கும். ரீசெட் அழுத்தினால் அது போச்சு.

மூன்றாவது, ஃபேட். 1977-ல் ஃப்ளாப்பிக்காக மைக்ரோசாஃப்ட்டில் உருவானது. ஃபைலின் பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவை டைரக்டரியில் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகள் எங்கே என்பது ஃபேட் அட்டவணையில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஆனால் ஒரே நொடியில் எழுதப்படுவதில்லை. நடுவில் நின்றால் சொந்தக்காரர் இல்லாத துண்டுகள் மிஞ்சும். அவற்றைத்தான் ஸ்கேன்டிஸ்க் ஃபைல்0000.சிஎச்கே என்று சேமிக்கும். இன்னும் மோசம், இரண்டு ஃபைல்கள் ஒரே துண்டைத் தன்னுடையது என்று நினைப்பது. அப்போதுதான் கடிதத்தின் பாதியில் ஏதோ ஒரு கிஃப் படத்தின் குப்பை வந்து நிற்கும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிரவுசர் தன் கேஷ் ஃபோல்டரில் சின்னச் சின்ன ஃபைல்களை எழுதுவதும் அழிப்பதுமாகவே இருக்கும். அடிக்கடி கவிழ்வதும் அதுதான், டிஸ்க்கில் ஓயாமல் எழுதுவதும் அதுதான். கவிழும் நேரத்தில் எழுத்து பாதியில் நிற்க வாய்ப்பு அதிகமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்கு மருந்து ஏற்கனவே இருந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்யும் ஜர்னலிங் முறை, 1993-ல் வந்த விண்டோஸ் என்டி 3.1-ன் என்டிஎஃப்எஸ்ஸிலேயே உண்டு. ஆனால் என்டி அலுவலகங்களுக்கு. வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2001-ல், எக்ஸ்பி மூலமாக. அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கெர்னல் 2.4.15-ல் இஎக்ஸ்டி3 சேர்ந்தது.

அதோடு முடியவில்லை. 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 தன் புக்மார்க், ஹிஸ்டரியை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது. தகவல் தொலையக் கூடாதென்று எஸ்க்யூலைட் அடிக்கடி எஃப்சிங்க் கேட்கும். இஎக்ஸ்டி3-யோ ஒரு ஃபைலுக்காகக் கேட்டாலும் காத்திருக்கும் மற்ற எழுத்துகளையும் சேர்த்துத் தள்ளும். பின்னணியில் பெரிய காப்பி ஓடினால் பிரவுசர் சில நொடிகள் உறைந்து நிற்கும். முன்னே பிரவுசரால் டிஸ்க் கெட்டது, இப்போ டிஸ்க்கைக் காப்பாற்றப் போய் பிரவுசர் நின்றது! எஃப்சிங்க் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சமாளித்தார்கள்.

ஃபேட் இன்னும் போய்விடவில்லை. உங்கள் பென் டிரைவ் ஃபேட்32-ல் இருந்தால், அதே அட்டவணை, அதே டைரக்டரி, ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பிடுங்காதீங்க.