புகைவண்டியில் பெண்கள் பெட்டி

தமிழ்ப் பெண்ணொருத்தி ஊர்விட்டு ஊர் சென்ற வரலாற்றைத் தேடப் புகுந்தால், முதலில் நம் நினைவுக்கு வருவது கண்ணகியின் பயணமேயாகும். புகாரிலிருந்து மதுரை வரையில் அவள் கணவனோடு நடந்தாள். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி வழித்துணையாக வந்தார். மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும் அடிகள் செய்தது யாது? மாதரி என்னும் இடைக்குல முதுமகளை நாடி, அவளிடம் கண்ணகியை ஒப்புவித்தார். சிலப்பதிகாரத்தில் அப்பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். பின்னர்க் கணவனை இழந்து, தனியளாய், வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்தபொழுதும், சேரநாட்டு மலைக் குறவர்கள் அவளைக் கண்டு நீர் யாரோ என்று பரிவோடு வினவினரேயன்றி வேறொன்றும் செய்தாரில்லை. கொடுங்கல்லூர்ப் பகவதி கண்ணகியே என்பது மரபு. அக்கோயில் நம் மட்டாஞ்சேரிக்கு வடக்கே, காலையில் சென்று மாலையில் திரும்பத்தக்க தொலைவில்தான் இருக்கிறது. நம் காலனித் தாய்மார்களில் அங்கே சென்று வராதவர் சிலரே.

அடைக்கலம் என்னும் இச்சொல்லை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள், புகைவண்டியில் பெண்களுக்கென ஒரு பெட்டி வந்த வரலாறு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

நடைவழியில் ஆபத்து நேர்ந்தால் ஓடலாம். கூவினால் வயலில் நிற்பவன் செவியில் விழும். புகைவண்டியோ முன்பின் அறியாதவர்களை ஓர் அறையில் அடைத்து, அவ்வறையையும் ஓடச் செய்கிறது. இந்தச் சங்கடத்தை முதலில் உணர்ந்தது இருப்புப்பாதை பிறந்த இங்கிலாந்தே. 1875 ஜூன் மாதத்தில், லண்டனை நோக்கிச் சென்ற வண்டியின் முதல் வகுப்பு அறையில் தனித்திருந்த இளம்பெண் ஒருத்தியிடம், வாலண்டைன் பேக்கர் என்னும் படைத்தளபதி முறைகேடாக நடந்துகொண்டார். அக்காலத்து அறைகளுக்கு இடையே நடைவழி கிடையாது. அந்தப் பெண் ஓடும் வண்டியின் கதவைத் திறந்து, வெளியே படிக்கட்டுப் பலகையில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டே வந்தாள். கண்டவர்கள் கூச்சலிட்டு வண்டி நிறுத்தப்பட்டது. பேக்கர் இளவரசரின் நண்பர். ஆயினும் ஓராண்டுச் சிறையும் 500 பவுன் அபராதமும் பெற்றார். முதல் வகுப்புச் சீட்டும் உயர்குடிப் பிறப்பும் பெண்ணுக்குக் காவலாகா என்பது அன்றே தெரிந்துவிட்டது.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் இந்திய இருப்புப்பாதைச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. அதன் 64ஆம் பிரிவின்படி, 1891 ஜனவரி 1 முதல், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும், மிகத் தாழ்ந்த வகுப்பில் ஓர் அறையேனும் பெண்களுக்கே ஒதுக்கப்படல் வேண்டும். வண்டி 50 மைலுக்கு மேல் ஓடுவதாயின், அவ்வறையில் கழிப்பறையும் இருத்தல் வேண்டும். கடைசி வகுப்பில் என்று சட்டமே சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். பணம் படைத்தவள் தனியறை பெற்றுக்கொள்வாள். கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கன்றோ காவல் தேவை! கீழ்வகுப்பு ஆண்களின் பெட்டிகளில் கழிப்பறை பரவலாக வந்தது இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே. வெள்ளையர் இயற்றிய சட்டங்களில் நாம் மனமாரப் பாராட்டக்கூடியவை மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

இவ்விதி நடைமுறைக்கு வந்து 11 ஆண்டுகள் கழித்தே நம் ஊருக்கு இருப்புப்பாதை வந்தது. கொச்சி மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்கள் 14ஐ விற்றுப் பணம் சேர்த்த செய்தியை இங்குள்ளோர் இன்றும் பெருமையோடு சொல்வர். 1902 ஜூலை 16ஆம் நாள் சொரனூரிலிருந்து எறணாகுளத்திற்குப் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அதுவரை மாட்டு வண்டியிலும், பின் காயல் படகிலுமாக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பிறந்தகம் அருகில் வந்துவிட்டது போலாயிற்று. பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வதும், ஆடிக்கும் தைக்கும் போய்த் திரும்புவதும் எளிதாயின. வேளியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களும், பஜார் சாலையில் இஞ்சியும் மிளகும் புடைத்த பெண்களும், அக்கிரகாரத்து மாமிகளும் ஒரே மரப்பலகையில் அமர்ந்து பேசிச் சென்ற இடம் பெண்கள் பெட்டியன்றி வேறெது? மாதரி இல்லத்தை இருப்புச் சக்கரங்களின்மேல் ஏற்றி வைத்தாற்போல என்று சொல்லலாம்.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1989இல் புதிய ரயில்வே சட்டம் இயற்றப்பட்டது. அதன் 58ஆம் பிரிவும் பெண்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் ‘ஓர் அறையேனும்’ என்றிருந்த பழைய கட்டாயம் தளர்ந்து, ஓர் அறை, அல்லது நிர்வாகம் தக்கதெனக் கருதும் அளவு படுக்கைகளோ இருக்கைகளோ என்றாயிற்று. காகிதங்களோடு காலங்கழிக்கும் நம்மைப் போன்றோரே இந்த ‘அல்லது’ என்னும் சொல்லின் எடையை அறிவர். அதே சட்டத்தில் நல்லதொரு விதியும் உண்டு: ஆண் துணையின்றிச் செல்லும் பெண்ணிடம் சீட்டு இல்லையெனினும், அவளை நினைத்த இடத்தில் இறக்கிவிடக் கூடாது. ஏறிய நிலையத்திலோ, சந்திப்பிலோ, வண்டி முடியும் நிலையத்திலோ, மாவட்டத் தலைநகரிலோ, அதுவும் பகற்பொழுதிலேதான் இறக்கலாம். இதை நம் பெண்களில் எத்தனை பேர் அறிவர்?

2011 பிப்ரவரி 1ஆம் நாள் நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதாதிருத்தல் முறையன்று. எறணாகுளத்தில் வேலை பார்த்த 23 வயதுப் பெண், மாலைப் பாசஞ்சரில் சொரனூர்க்குத் தன் வீடு நோக்கிச் சென்றாள். அவள் அமர்ந்தது பெண்கள் பெட்டியில்தான். உடனிருந்த பெண்கள் இடையில் இறங்கிவிட, அவள் தனித்தாள். வள்ளத்தோள் நகர் நிலையத்தைக் கடந்தபின் ஒருவன் உள்ளே புகுந்து தாக்கினான். இருப்புப்பாதையோரத்தில் அவளைச் சீரழித்தான். பிப்ரவரி 6ஆம் நாள் திருச்சூர் மருத்துவமனையில் அவள் உயிர் நீங்கியது. திருச்சூர் விரைவு நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் விதித்த மரண தண்டனையை உயர்நீதிமன்றம் 2013இல் உறுதி செய்தது. உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் கொலைக் குற்றத்தை நீக்கி, ஆயுள் தண்டனையை மட்டும் நிலைநிறுத்தியது. 2025 ஜூலை 25 அன்று அவன் கண்ணூர்ச் சிறையிலிருந்து தப்பி, அன்றே ஒரு கிணற்றுக்குள் பிடிபட்ட செய்தி நம் வீடுகளில் பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பியது.

அவன் கடலூர் மாவட்டத்துத் தமிழன். அந்நாளில் நாம் பட்ட வெட்கத்தை எப்படிச் சொல்வது! மலையாள நண்பர்கள் நம்மை ஒன்றும் கேட்கவில்லை, கேட்காதிருந்ததே உறுத்தியது. வண்டியில் தமிழில் உரக்கப் பேசவும் நம் ஆடவர் சிலர் தயங்கினர். வீட்டிலோ, பெண் பிள்ளைகளின் மாலை வேலை பற்றிய பேச்சே மாறிற்று. பெண்கள் அவனைப் போன்றோர்க்கு அஞ்சினர். ஆண்கள் அவனைப் போலக் கருதப்படுவதற்கு அஞ்சினர். இவ்விரண்டு அச்சங்களையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பதே நம் கருத்து. நம் மானத்தைப் பற்றிய கவலை சில மாதங்களில் தீர்ந்தது. நம் பெண்ணின் கவலையோ ஒவ்வொரு நாள் மாலையும் அவளோடு வண்டி ஏறுகிறது.

வழக்கின் சாட்சியங்களில் ஒரு செய்தி நம்மை விட்டு அகலவில்லை. அடுத்த பெட்டியில் இருந்தோர் அவள் அலறலைக் கேட்டனர். சங்கிலியை இழுக்க எண்ணியவர்களிடம், வாயிலில் நின்ற நடுத்தர வயதினர் ஒருவர், பெண் குதித்துத் தப்பிவிட்டாள் என்றாராம். சங்கிலி இழுக்கப்படவில்லை, வண்டி ஓடிற்று. 1875இல் ஆங்கிலப் பெண்ணுக்கு உதவியது கண்டோர் எழுப்பிய கூச்சல். சங்கிலி ஒவ்வொரு பெட்டியிலும் தொங்கும் காலத்தில், இவளுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

சங்கிலியை இழுத்தால் சிறை என்று பலரும் எண்ணியிருக்கின்றனர். பெட்டியில் எழுதியுள்ளதை அரைகுறையாகப் படித்ததன் பயன் இது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 141ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ கூறுவது உண்மையே. ஆனால் அது தக்க காரணமின்றி இழுப்பவனுக்கு. பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண் அலறுவதைவிடத் தக்க காரணம் வேறு எது இருக்க முடியும்?

பெண்கள் பெட்டி கடைக்கோடியில் ஆளரவமின்றி இருத்தலாகாது, நடுவில் இருத்தல் வேண்டும் என்ற குரல் அந்நிகழ்ச்சிக்குப் பின் ஓங்கிற்று. இரவு வண்டிகளில் காவலர் ஏறலாயினர். ஆயினும் 2025 பிப்ரவரி 6ஆம் நாள், கோவையிலிருந்து திருப்பதி செல்லும் வண்டியில், பெண்கள் பெட்டியில் தனித்துவிட்ட கருவுற்ற பெண்ணைக் காட்பாடிக்கு அருகே ஒருவன் வெளியே தள்ளினான். அவள் பிழைத்தாள், கரு பிழைக்கவில்லை. இங்கும் உடனிருந்த பெண்கள் முன் நிலையத்தில் இறங்கியிருந்தனர். தனித்துவிட்ட பின் அப்பெட்டி பொதுப் பெட்டியைவிட ஆபத்தானது என்று இதனால் நாம் கருதுகிறோம். அறை ஒதுக்கியது சட்டம். அடைக்கலம் தந்தது அதில் அமர்ந்திருந்த மற்றப் பெண்களே.

கூட இருந்தவர் இறங்கும்பொழுதே தானும் இறங்கி, ஆட்கள் நிறைந்த பெட்டிக்கு மாறுமாறு நம் பெண்களிடம் சொல்லிவருகிறோம். தொலைதூர வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில், தனியாகவோ கூட்டாகவோ செல்லும் பெண்களுக்கென 6 படுக்கைகள் வயது வரம்பின்றி ஒதுக்கப்பட்டுள்ளன. பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் காலனிப் பெண்கள் நாள் குறித்துச் சேர்ந்து பதிவு செய்தால், அவ்விடங்கள் பெரும்பாலும் கிடைக்கும். ரயில்வே உதவிக்கான தொலைபேசி எண் 139. முன்னிருந்த 182 என்னும் எண் 2021இல் இதனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய நாட்குறிப்புகளில் 182 என்று எழுதி வைத்திருப்போர் திருத்திக்கொள்ளக் கோருகிறோம்.